வெள்ளைப் பொடியும் வாய்ப்புற்றும்



பால்வெட்டு முடிந்து வந்ததும் வாசலில் கால் நீட்டி அமர்ந்து வெற்றிலைப் பையைப் பிரிக்கும் பாட்டிமார்களை நம் தோட்டங்களில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இளையவர்களிடம் அப்பழக்கம் இன்று குறைந்துவிட்டது. ஆனாலும் மலேசியாவில் வாய்ப்புற்று மற்ற இனத்தவரைக் காட்டிலும் இந்தியரிடமே, குறிப்பாகப் பெண்களிடமே, அதிகமாகக் காணப்படுகிறது.

"புகையிலை போடாமல் வெறும் பாக்கு மென்றால் ஒன்றும் ஆகாது" என்பார்கள். இது தவறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, பாக்கே புற்றை உண்டாக்க வல்லது என்று 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் உறுதியாகக் கூறியிருக்கிறது.

இந்நோய்க்குப் புது மருந்து தேடுவோர் இப்போது துத்தநாக ஆக்ஸைடு என்னும் வெள்ளைப் பொடியை ஆராய்ந்து வருகிறார்கள். இது நமக்குப் புதியதன்று. நாம் வெட்டிய பால் தொழிற்சாலையில் டயராக மாறும்போது, கந்தகம் ரப்பரோடு விரைவாகச் சேர்வதற்கு இதைத்தான் கலக்கிறார்கள். குழந்தையின் தொடையிடுக்குப் புண்ணுக்குத் தடவும் வெள்ளைக் களிம்பிலும், கிராம்பெண்ணெயோடு குழைத்துப் பல்மருத்துவர் சொத்தைப் பல்லில் தற்காலிகமாக அடைக்கும் பசையிலும் இருப்பது இதுவே.

ஆராய்ச்சிக்கூடத்தில் இதை நம்ப முடியாத அளவு நுண்மையாக்குகிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்குக்கு நானோமீட்டர் என்று பெயர். இத்துகள்கள் நூறு நானோமீட்டருக்கும் குறைவானவை. நம் தலைமயிரின் பருமனில் இவற்றை நூற்றுக்கணக்கில் வரிசையாக அடுக்கலாம். அத்தனை சிறியவையாதலால் உயிரணுவுக்குள்ளேயே புகுந்துவிடுகின்றன. புற்றுக் கட்டியைச் சுற்றிலும் புளிப்புத்தன்மை சற்று மிகுதி. துத்தநாக ஆக்ஸைடு புளிப்பில் கரையும். கரைந்து வெளிப்படும் துத்தநாகமும், துகளின் மேற்பரப்பில் உண்டாகும் கடுமையான ஆக்சிஜன் பொருள்களும் அந்த உயிரணுவை உள்ளிருந்தே சிதைக்கின்றன. கண்ணாடித் தட்டில் வளர்த்த வாய்ப்புற்று உயிரணுக்கள் இவ்வாறு மடிவதைக் கண்டிருக்கிறார்கள்.

கண்ணாடித் தட்டு வேறு, மனித வாய் வேறு. அளவு மிகுந்தால் இதே துகள்கள் நல்ல உயிரணுக்களையும் கொன்றுவிடும். கெட்டதை மட்டும் தேடிப் பிடிக்க வைப்பது எப்படி என்பதுதான் பெரிய சிக்கல். மருத்துவமனையில் இன்று வாய்ப்புற்றுக்குச் செய்வது அறுவையும் கதிர்வீச்சும் வழக்கமான மருந்துகளுமே. மருந்துக்கடைக் களிம்பை வாங்கி வாயில் தடவிப் பார்க்கலாமே என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அது வாய்க்குரியதன்று, அப்படித் தடவிக்கொண்டு கழியும் மாதங்களில் நோய் கழுத்துக்கு இறங்கிவிடும்.

சிறிதாயிருக்கும்போதே கண்டால் அறுவையால் குணமாக்கலாம். தொல்லை என்னவென்றால், தொடக்கத்தில் இது வலிப்பதில்லை. வலிக்காத புண்ணை நம்மவர்கள் பொருட்படுத்துவதுமில்லை.

ஆகவே இன்றிரவே வீட்டிலுள்ள பெரியவர்களை விளக்கொளியில் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் இரு பக்கம், நாக்கின் அடி ஆகியவற்றைப் பாருங்கள். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, செந்திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், கட்டி உண்டா? மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி வைத்தால் நுழையாதபடி வாய் இறுகியிருக்கிறதா? இவற்றில் ஒன்றிருந்தாலும், "எனக்கு வலிக்கவேயில்லை, பேசாமல் இரு" என்று பாட்டி எவ்வளவு சொன்னாலும், அருகிலுள்ள அரசாங்கப் பல்மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள்.