கைக்கத்தரி வாங்கப் போகிறீர்களா?

பால்மரம் சீவும் குடும்பங்களுக்குக் கூர்மையைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. உளி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டால், அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். மறுபடி வெட்ட ஆகாது. ஆகவேதான் உளியைக் கண்போலக் காத்துத் தீட்டி வைக்கிறார்கள். ஆனால் வீட்டு முன்னால் நிற்கும் ரோஜாவையும் மல்லிகையையும் பல வீடுகளில் எதைக் கொண்டு நறுக்குகிறார்கள்? மீன் வெட்டும் கத்தி, துணி வெட்டும் கத்தரிக்கோல், அதுவும் கிடைக்காவிட்டால் பாராங்!

செடிக்கும் தோல் உண்டு. கிளை நசுங்கினால் அந்த நுனி செத்துப் போகும். நம் ஊர் மழையில் செத்த இடத்தில் பூசணம் எளிதில் பிடிக்கும். ரோஜாத் தண்டு நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தமாக விழுந்த வெட்டு சீக்கிரம் ஆறும். மல்லிகை, செம்பருத்தி, ரோஜா மூன்றும் புதுத்தளிரில் பூப்பவை. கறிவேப்பிலையின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து மரம் தழைக்கும். எனவே அடிக்கடி நறுக்கத்தான் வேண்டும். அதற்கு நல்ல கைக்கத்தரி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். கடையில் ‘செக்கட்டர்’ என்றோ, மலாயில் ‘குந்திங் டஹான்’ என்றோ கேளுங்கள்.

இரண்டு வகை

ஒரு வகையில், வளைந்த அலகு மற்றோர் அலகை உரசிக் கடந்து போகும், கத்தரிக்கோலைப் போல. இன்னொரு வகையில், நேரான அலகு ஒரு தட்டையான இரும்பின்மேல் வந்து உட்காரும், பலகையில் வைத்துக் காய் நறுக்குவது போல. இரண்டாவது வகை காய்ந்த குச்சிகளுக்கு நல்லது. பச்சைத் தண்டை அது நசுக்கிவிடும். பூச்செடி வைத்திருப்பவர்கள் உரசிக் கடக்கும் வகையையே வாங்க வேண்டும்.

கடையிலேயே சோதியுங்கள்

முதலில், கத்தரியை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். அலகுகள் சேருமிடத்தில் ஒளி தெரியக் கூடாது. பிறகு பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அன்றே வைத்துவிடுங்கள். மெல்லிய தாள் ஒன்றை அலகின் நுனியால் வெட்டுங்கள். தாள் மடங்கினாலோ கிழிந்தாலோ அது உங்கள் செடிக்கு ஆகாது.

அடுத்து, நடுவிலுள்ள ஆணியைப் பாருங்கள். அடித்து இறுக்கிய ஆணி என்றால் பிரிக்க முடியாது. மரையும் திருகாணியும் இருந்தால் பிரித்துத் துடைக்கலாம், தளர்ந்தால் முடுக்கலாம். அலகும் சுருள்கம்பியும் தனியாக விற்கிறார்களா என்றும் கேளுங்கள். சுவிட்சர்லாந்தில் 1945-இல் தொடங்கிய ‘ஃபெல்கோ’ நிறுவனத்தின் கத்தரிகள் பெயர் வாங்கியதற்கு இதுவே பெரிய காரணம்: தேய்ந்த பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அவை விலை கூடியவைதான். அவ்வளவு கொடுக்க முடியாதவர்கள், இதே குணங்கள் உள்ள நடுத்தர விலைக் கத்தரியைத் தேடலாம். மலிவானது என்று வாங்கி ஆண்டுக்கொன்றாகத் தூக்கி எறிந்தால், கடைசியில் நல்ல கத்தரியின் விலையைவிட அதிகமே போய்ச் சேரும்.

கைக்குப் பொருந்த வேண்டும்

தாய்மார்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கத்தரி முழுவதும் விரிந்திருக்கும்போது உங்கள் விரல்கள் கைப்பிடியை எட்ட வேண்டும். எட்டிப் பிடித்து அழுத்தினால் மணிக்கட்டுக்கு வலிதான் மிஞ்சும். காலையில் உளி பிடித்த கை, மாலையில் கத்தரி பிடிக்கிறது. நாளைக்கும் அதே கைதான் வேலைக்குப் போக வேண்டும். சிறிய கைகளுக்கென்றும், இடதுகைப் பழக்கம் உள்ளவர்களுக்கென்றும் தனிக் கத்தரிகள் உண்டு. பூட்டு, கட்டைவிரலால் எளிதில் தள்ளும்படி இருக்கட்டும். வேலை முடிந்ததும் பூட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

வெட்டும் முறை

கூரான அலகு செடியில் நிற்கப் போகும் பக்கமும், கொக்கி போன்ற மொட்டை அலகு விழப்போகும் துண்டின் பக்கமும் இருக்க வேண்டும். ரோஜாவில் கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, தண்ணீர் வழிந்தோடும்படி சாய்வாக வெட்டுங்கள். 2 சென்டிமீட்டருக்கு மேல் தடித்த கிளை என்றால் கைக்கத்தரியை வைத்து முறுக்காதீர்கள். அது வாளின் வேலை. கம்பி வெட்டவும் கத்தரியைக் கொடுக்காதீர்கள்.

காப்பாற்றும் முறை

கார்பன் எஃகு நல்ல கூர் பிடிக்கும். ஆனால் நம் ஊர் ஈரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகுக்கு அந்தத் தொல்லை குறைவு. எதுவானாலும், வேலை முடிந்ததும் செடிப்பாலைத் துடைத்து, உலர வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். நோய் கண்ட செடியை நறுக்கியபின், 70 சதவீத ஆல்கஹாலால் அலகைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த செடிக்குப் போக வேண்டும். இல்லையென்றால் நோயை நாமே கொண்டுபோய்க் கொடுத்தவர்களாவோம்.

தீட்டும்போது, சாய்வாகச் சீவப்பட்ட வெளிப்பக்கத்தை மட்டும் கல்லில் தேய்க்க வேண்டும். தட்டையான உட்பக்கத்தில் பிசிறு இருந்தால் மெல்ல ஒரு தடவு போதும். அங்கே அழுத்தித் தீட்டினால் இரண்டு அலகுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, கத்தரி வெட்டாமல் மெல்லத் தொடங்கும். உளி தீட்டிப் பழகிய கைக்கு இது பெரிய வேலையல்ல.

அடுத்த சம்பளம் கழித்து இரும்புக்கடைக்குப் போகிறவர்கள், பையில் மெல்லிய தாள் ஒன்றை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஆயிரம் சொல்லட்டும். தாள் சொல்வதைக் கேட்டு வாங்குங்கள்.