கூட்டைக் கலைக்காதீர்!

ஊர்வனவும் பறப்பனவும் மனிதர்களைப் போன்ற சமுதாயங்களே என்று திருமறையின் 'அல் அன்ஆம்' அத்தியாயம், 38ஆம் வசனத்தில் அல்லாஹ் அறிவிக்கின்றான். சமுதாயம் என்றால் அதற்கு இருப்பிடம் உண்டு, இரை உண்டு, பெற்ற பாசமும் உண்டு. பிள்ளைகளுக்குத் திருமறையை ஓதக் கற்றுக்கொடுக்கும் பெற்றோர்களே! இவ்வசனத்தின் பொருளை அவர்களுக்கு உணர்த்தியிருக்கின்றோமா? சிறுவன் கவண்கல்லால் குருவியை அடிக்கும்போது, 'விளையாட்டுத்தானே' என்று வாளாவிருக்கின்றோமே, அது முறையாகுமா?

ஒரு பயணத்தின்போது நபித்தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அங்கு வந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைப் பிரித்து இதனைத் துயருறச் செய்தவர் யார் என வினவி, அவற்றைத் தாயிடமே திருப்பிக் கொடுக்கும்படிப் பணித்தார்கள். அதே பயணத்தில் எறும்புப் புற்றொன்று எரிக்கப்பட்டிருப்பதையும் கண்டு, நெருப்பால் தண்டிக்கும் உரிமை நெருப்பின் அதிபதிக்கே உரியது எனக் கண்டித்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் இடம் பெற்றுள்ளது.

இதில் பெற்றோர்க்கு ஓர் அரிய பாடம் உண்டு. அண்ணலார் கண்டித்ததோடு நின்றுவிடவில்லை. எடுத்தவர்களையே திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். உங்கள் பிள்ளை குஞ்சொன்றை எடுத்து வந்தால் அடிக்காதீர்கள். உடன் சென்று, அவன் கையாலேயே அதனைக் கூட்டில் வைக்கச் செய்யுங்கள். தாய்ப்பறவை திரும்புவதைத் தொலைவில் நின்று காட்டுங்கள். ஆயிரம் அறிவுரைகள் செய்யாததை அக்காட்சி செய்துவிடும்.

உயிரை மட்டுமன்று, அது வாழும் இடத்தையும் காத்தது இஸ்லாம். மதீனாவின் இரு கருங்கல் வெளிகளுக்கு இடைப்பட்ட நிலத்தைப் புனித எல்லையாக அறிவித்த நபிகளார், அங்கு வேட்டையாடுவதையும் மரம் வெட்டுவதையும் ஒருசேரத் தடுத்தார்கள். மரம் வீழ்ந்தால் கூடும் வீழும் அன்றோ! இஹ்ராம் அணிந்த ஹாஜி நிலத்து வேட்டையாடுவதும் விலக்கப்பட்டதே. ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பிய பாட்டனார் இதனைப் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லலாம்.

பிள்ளை ஆசைப்படுகிறான் என்று கிளிக்குஞ்சு வாங்கிக் கொடுப்போரும் உளர். மரப்பொந்திலிருந்து கவரப்பட்ட குஞ்சு அது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும். கூண்டுக்குப் பதிலாக, மொட்டை மாடியில் ஒரு மண்சட்டியில் நீர் வையுங்கள். அதனை நிரப்பும் பொறுப்பைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். பறவைகள் தாமாகவே வரும்.

இளம் உள்ளத்தில் இன்று விதைக்கும் இரக்கமே நாளை காட்டையும் காக்கும், மனிதரையும் காக்கும். அதற்கு வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.