குட்டி விமானத்தில் வீக் எண்ட் ஒயின் டூர்... பைலட் குடிக்கலாமா, எத்தனை பாட்டில் ஏற்றலாம்? - முழு விவரம்

சனிக்கிழமை காலை சான் ஹோசேயில் கிளம்பி, பசிபிக் கடலோரமாகப் பறந்து, மதியச் சாப்பாட்டுக்குத் திராட்சைத் தோட்டம் போய்ச் சேரலாம். ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பிவிடலாம். கேட்கவே ஜோரா இருக்கு இல்லையா?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், பைலட் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் வாடகைக்குக் குட்டி விமானம் எடுத்து இப்படிப் போய் வருவது சகஜம். சான் ஹோசே வட்டாரத்தில் ஐ.டி. வேலையில் இருக்கும் தமிழர்கள் ஏராளம். லீவுக்கு அங்கே போகும்போது உங்கள் மச்சானே "லைசென்ஸ் எடுத்துட்டேன் மாப்ள, வா பறந்துட்டு வரலாம்" என்று கூப்பிடலாம்.

ஆனால் கிளம்பும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். சனி போய் ஞாயிறு திரும்பும் ட்ரிப் என்றால், விமானம் ஓட்டுபவர் ஒயின் பக்கமே போகக் கூடாது. ஏன்? விவரமாகப் பார்க்கலாம்.

எங்கே போகிறார்கள்?

ஒயின் என்றாலே எல்லோரும் சொல்வது நாபா. ஆனால் சான் ஹோசே பக்கத்திலிருந்து நாபா ரொம்பக் கிட்டே. விமானத்தைப் பரிசோதித்து, எரிபொருள் நிரப்பிக் கிளம்பும் நேரத்துக்குள் காரிலேயே பாதி தூரம் போய்விடலாம். அதனால் விமானத்துக்கு ஏற்ற இடம், தெற்கே இருக்கும் பாசோ ரோபிள்ஸ்.

சான் ஹோசேயின் ரீட்-ஹில்வியூ விமான நிலையத்திலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 210 கி.மீ. காரில் போனால் 3 மணி நேரம் ஆகும். செஸ்னா 172 போன்ற 4 சீட் விமானத்தில் சுமார் 1 மணி நேரம்தான்.

1983-ல் பாசோ ரோபிள்ஸ் தனி ஒயின் பகுதியாக அங்கீகாரம் பெற்றது. இன்று 200-க்கும் மேற்பட்ட ஒயின் ஆலைகள் இருக்கின்றன. கோடையில் பகலில் அனல் அடிக்கும். சாயங்காலம் மலை இடைவெளி வழியாகக் கடல் காற்று உள்ளே வந்துவிடும். பகலுக்கும் இரவுக்கும் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் வரும். பகல் வெயிலில் பழம் இனிப்பாகும். ராத்திரிக் குளிரில் புளிப்பு குறையாமல் நிற்கும். அங்கே ஒயின் நன்றாக வருவதற்கு இது முக்கியக் காரணம்.

வழியில் என்ன பார்க்கலாம்?

கொஞ்சம் சுற்றிக் கடலோரமாகப் போனால் சுமார் 250 கி.மீ. கூடுதலாக 15, 20 நிமிடம் ஆகும். அதற்குக் கிடைக்கும் காட்சிகள்:

* மான்டெரே வளைகுடா.

* பிக் சர் கடற்கரை. மலை நேராகக் கடலில் இறங்கும் இடம். 1932-ல் திறக்கப்பட்ட பிக்ஸ்பி பாலத்தை மேலிருந்து பார்க்கலாம்.

* சான் சிமியோன் மலை மேல் இருக்கும் ஹெர்ஸ்ட் மாளிகை. பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட்டுக்காக, கட்டடக் கலைஞர் ஜூலியா மார்கன் வடிவமைத்தது. 1919-ல் வேலை தொடங்கியது.

ஆசையாக இருக்கிறதே என்று தாழ்வாகப் பறக்க முடியாது. இந்தக் கடல் பகுதி அரசு பாதுகாப்பில் உள்ள சரணாலயம். குறிப்பிட்ட பகுதிகளில் 1,000 அடிக்குக் கீழே பறக்கத் தடை. பைலட்டுகள் இங்கே உயரமாகவே பறப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒருவேளை இன்ஜின் நின்றால், இந்த மலைக்கும் கடலுக்கும் நடுவில் இறங்குவதற்குச் சமதளம் ரொம்பக் குறைவு. உயரம் இருந்தால் யோசிக்கவும் இடம் தேடவும் நேரம் கிடைக்கும்.

மலைக்கு அந்தப் பக்கம் ஃபோர்ட் ஹன்டர் லிகெட், கேம்ப் ராபர்ட்ஸ் என்று 2 ராணுவப் பயிற்சித் தளங்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் தடை செய்யப்பட்ட வான்பகுதியும் உண்டு. கோடையில் காட்டுத் தீ பற்றினால் திடீரென்று புதுத் தடைகள் வரும். அன்றைய அறிவிப்பை அன்றன்றே பார்த்தாக வேண்டும்.

செலவை யார் கொடுப்பது?

தனியார் பைலட் லைசென்ஸ் வாங்கக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு காசு வாங்கி ஆள் ஏற்ற முடியாது. எரிபொருள், விமான வாடகை, விமான நிலையக் கட்டணம் இவற்றைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். அதிலும் பைலட் தன் பங்கைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். 3 பேர் போனால் மூன்றில் ஒரு பங்காவது அவருடையது. "நீ ஓட்டு, செலவை நாங்க பாத்துக்கறோம்" என்பது விதிமீறல்.

வாடகை பெரும்பாலும் இன்ஜின் ஓடும் நேரத்துக்குத்தான். ஆனால் ராத்திரி வெளியூரில் நிறுத்தினால், பல இடங்களில் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்று குறைந்தபட்சக் கட்டணம் வாங்குவார்கள். முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

பைலட் ஒயின் குடிக்கலாமா?

அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விதி தெளிவாக இருக்கிறது. எந்த மதுவாக இருந்தாலும், குடித்த பிறகு 8 மணி நேரத்துக்கு விமானம் ஓட்டக் கூடாது. ரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.04 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தாலும் ஓட்டக் கூடாது. 8 மணி நேரம் ஆகியும் போதையோ அதன் தாக்கமோ இருந்தால் அப்போதும் கூடாது. நாக்கில் பட்ட ஒரு வாய் ஒயினும் கணக்கில் சேரும்.

இது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். எஃப்.ஏ.ஏ. பரிந்துரைப்பது 24 மணி நேரம். ரத்தத்தில் ஆல்கஹால் வடிந்த பிறகும் தலைவலி, சோர்வு, கவனக்குறைவு என்று ஹேங் ஓவர் தொடரும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பையும் மது பாதிக்கும்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஞாயிறு காலை 11 மணிக்குத் திரும்ப வேண்டும் என்றால், 24 மணி நேரத்துக்கு முன் என்பது சனி காலை 11 மணி. ஒயின் ருசி பார்க்கும் இடங்கள் திறப்பதே பெரும்பாலும் 10, 11 மணிக்குத்தான். ஆக, 2 நாள் ட்ரிப்பில் பைலட்டுக்கு ஒயின் கிடையாது. பிடித்த பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து திறக்க வேண்டியதுதான்.

அவருக்கும் ருசி பார்க்க ஆசை என்றால் ஒரு நாள் கூட்ட வேண்டும். வெள்ளி மாலையே போய்விட்டு, சனி மதியம் 3 மணிக்குக் கடைசி கிளாஸை வைத்துவிட்டால், ஞாயிறு 5 மணிக்குக் கிளம்பலாம். கோடையில் இருட்டும் முன் வீடு வந்துவிடலாம்.

நம் நாட்டில் இன்னும் கறார். விமானம் ஓட்டும் முன் 12 மணி நேரத்துக்கு மது கூடாது. பரிசோதனையில் ஆல்கஹால் அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும்.

பயணிகளுக்கும் ஒரு விஷயம். போதையில் இருப்பதாகத் தெரியும் ஆளை ஏற்றவே பைலட்டுக்கு அனுமதி இல்லை. ஞாயிறு மதியம் கிளம்பும் முன் "இன்னும் ஒரே ஒரு கிளாஸ்" என்றால், உங்களைக் கீழே விட்டுவிட்டுப் போக அவருக்கு முழு உரிமை உண்டு.

எத்தனை பாட்டில் கொண்டு வரலாம்?

செஸ்னா 172எஸ் அதிகபட்சம் 1,157 கிலோ எடையோடு கிளம்பலாம். காலி விமானத்தின் எடையைக் கழித்தால் மிச்சம் சுமார் 390 கிலோ. விமானத்துக்கு விமானம் இது கொஞ்சம் மாறும். ஆட்கள், பைகள், எரிபொருள் எல்லாம் இதற்குள்தான் அடங்க வேண்டும்.

* டேங்க் முழுக்க எரிபொருள் சுமார் 144 கிலோ. தலா 75 கிலோ என்று 3 பேர், 225 கிலோ. மிச்சம் 21 கிலோ.

* பாதி டேங்க் 72 கிலோ. 4 பேர், 300 கிலோ. மிச்சம் 18 கிலோ.

12 பாட்டில் ஒயின் பெட்டி ஒன்று சுமார் 16 கிலோ இருக்கும். அதை ஏற்றினால் துணிப்பைக்கு இடமில்லை. சரி, எரிபொருளைக் குறைத்துக்கொள்ளலாமே என்றால், 16 கிலோ என்பது சுமார் 22 லிட்டர் எரிபொருள். அரை மணி நேரத்துக்கு மேல் பறக்க உதவுவது. பகலில் போய்ச் சேர்ந்த பிறகும் 30 நிமிடம் பறக்க எரிபொருள் மிச்சம் இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். அதாவது ஒரு பெட்டி ஒயினின் எடை, உங்கள் உயிர் காக்கும் அந்த அரை மணி நேரத்தின் எடை.

எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். பின்னால் எடை கூடினால் வால் பக்கம் கனத்து, விமானத்தைக் கட்டுப்படுத்துவது கஷ்டமாகும். சுலபமான வழி, ஒயினைக் கூரியரில் வீட்டுக்கு அனுப்பிவிடுவது. பல ஆலைகளே அனுப்பி வைக்கும்.

வெயில் என்ன செய்யும்?

பாசோ ரோபிள்ஸ் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 840 அடி உயரத்தில் இருக்கிறது. ஆனால் 40 டிகிரி வெயிலில் காற்று அடர்த்தி குறைந்து, விமானம் சுமார் 4,000 அடி உயரத்தில் இருப்பது போல நடந்துகொள்ளும். இறக்கைக்குத் தாங்கும் காற்று குறையும். இன்ஜின் சக்தியும் குறையும்.

ஓடுபாதை சுமார் 6,000 அடி நீளம் என்பதால் தரையை விட்டு எழும்பிவிடலாம். அதற்குப் பிறகு மேலே ஏறுவதுதான் மந்தமாக இருக்கும். அதனால்தான் மதியத்துக்கு முன் கிளம்பச் சொல்கிறார்கள். மாலை கிளம்பினால் சுமையைக் குறைக்க வேண்டும்.

திங்கட்கிழமை ஆபீஸ்தான் பெரிய ஆபத்து

கோடைக் காலைகளில் இந்தக் கடலோரத்தைத் தாழ்வான மேகமும் பனிமூட்டமும் மூடிவிடும். சாதாரண லைசென்ஸ் வைத்திருப்பவர் கண்ணால் பார்த்துத்தான் ஓட்ட முடியும். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கத் தனித் தகுதி வேண்டும். அது இல்லாமல் மேகத்துக்குள் போனால், எது மேலே எது கீழே என்றே உடம்புக்குத் தெரியாமல் போகும்.

1999 ஜூலை 16-ம் தேதி, முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர், குடும்பத் திருமணத்துக்காக மனைவியோடும் மனைவியின் சகோதரியோடும் சிறிய விமானத்தில் கிளம்பினார். ஓட்டியது அவரேதான். இருட்டு; கடல் மேல் புகைமூட்டம். திசை உணர்வு தப்பி விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார் என்று விசாரணை சொன்னது. 3 பேருமே உயிரிழந்தனர்.

"எப்படியாவது போய்ச் சேர்ந்துடணும்" என்ற நெருக்கடி பைலட்டுகள் நன்றாக அறிந்த ஆபத்து. திங்கள் காலை மீட்டிங் இருக்கிறது, விமானத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், நண்பர்கள் காத்திருக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து ஞாயிறு மாலை தவறான முடிவை எடுக்க வைக்கும்.

இதற்கு மருந்து சனிக்கிழமையே மாற்று வழியை முடிவு செய்வது. ஹோட்டலில் இன்னொரு இரவு தங்க முடியுமா என்று கேட்டு வைக்கலாம். வாடகை கார் எடுக்கலாம். கோஸ்ட் ஸ்டார்லைட் ரயில் பாசோ ரோபிள்ஸிலும் சான் ஹோசேயிலும் நிற்கும். விமானத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்து, பிறகு எடுத்துக்கொள்ளலாம். கூடுதல் வாடகை ஆகும், அவ்வளவுதான்.

2 நாள் பிளான் எப்படி இருக்கலாம்?

வெள்ளி இரவு: வானிலை பார்ப்பது, எல்லோரும் உண்மையான எடையைச் சொல்வது.

சனி காலை: கடலோரம் தெளிவாக இருந்தால் அந்த வழி. மூடியிருந்தால் உள்பக்கமாக சலினாஸ் பள்ளத்தாக்கு வழி. வெயில் ஏறும் முன் இறங்கிவிட வேண்டும்.

சனி மதியம்: முன்பதிவு செய்த 2 அல்லது 3 ஆலைகள் போதும். வாடகை கார் எடுத்தால் குடிக்காத பைலட்டே ஓட்டலாம்.

ஞாயிறு காலை: விமான நிலையத்திலேயே எஸ்ட்ரெல்லா வார்பேர்ட்ஸ் என்ற பழைய போர் விமான அருங்காட்சியகம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். ஹெர்ஸ்ட் மாளிகைக்குக் காரில் சுமார் 1 மணி நேரம் என்பதால், அதற்கு இன்னொரு நாள் வேண்டும்.

திராட்சை அறுவடையையும் பார்க்க வேண்டுமா? செப்டம்பர், அக்டோபர் சரியான சமயம். கடலோரப் பனியும் அப்போது குறைவு.

ஏறும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. கடந்த 90 நாளில் 3 முறையாவது விமானத்தை ஏற்றி இறக்கினீர்களா? பயணிகளை ஏற்ற இது கட்டாயம்.

2. கடைசியாக எப்போது குடித்தீர்கள்?

3. எடைக் கணக்கு போட்டாச்சா?

4. ஞாயிற்றுக்கிழமை வானிலை சரியில்லை என்றால் எப்படித் திரும்புவோம்?

மச்சானிடம் இதையெல்லாம் கேட்கச் சங்கடமாக இருக்கலாம். ஆனால் நல்ல பைலட் கோபப்பட மாட்டார். நாலுக்கும் பதில் தயாராக வைத்திருப்பார். கூடவே உங்கள் ஆயுள் காப்பீட்டு பாலிசியையும் ஒருமுறை பாருங்கள். சில பாலிசிகளில் தனியார் சிறிய விமானப் பயணத்துக்குப் பாதுகாப்பு இருக்காது.

நாலாவது கேள்விக்கு "அதெல்லாம் சரியாயிடும்" என்று பதில் வந்தால், நீங்கள் காரிலேயே போய்விடுங்கள். 3 மணி நேரம்தானே!

(மது அருந்துவது உடல்நலத்துக்குத் தீங்கு விளைவிக்கும்.)