புறத்தே கண்டதும் அகத்தே நிகழ்ந்ததும்

மணப்பாறைச் சந்தையில் மாடு பிடிப்போர் பல்லைப் பார்ப்பர், சுழி பார்ப்பர், நாலடி நடக்கவிட்டு நடையும் பார்ப்பர். அவ்வளவில் அதன் குணத்தைச் சொல்லிவிட வல்லவர் இவ்வட்டாரத்தில் பலர். மாட்டுக்கு அது பொருந்தலாம். மனிதரையும் நாம் நாலடி நடை பார்த்தே மதித்துவிடுகிறோமே, அதுதான் இங்கு எண்ணத்தக்கது.

அபிஷேக வேளையில் ஒருவர் வரிசையைக் கடந்து முன்னே சென்றால், ஒழுங்கு அறியாதவர் என்று கருதுகிறோம். நாமே அவ்வாறு செல்ல நேர்ந்தால், திருச்சிக்குக் கடைசிப் பேருந்து போய்விடும், உடன் வந்த தாயாரால் நிற்க இயலவில்லை என்று காரணங்கள் நெஞ்சில் அணிவகுத்து நிற்கின்றன. பிறர் செயலுக்கு அவர் குணம் காரணம். நம் செயலுக்குச் சூழ்நிலை காரணம்.

இதற்கு நேரான நிகழ்ச்சி ஒன்று பெரியபுராணத்தில் உண்டு. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் அடியார் திருக்கூட்டம் நிறைந்திருக்கிறது. நம்பியாரூரர் பெருமானைத் தொழ வருகிறார். கூட்டத்தை அணுகி வணங்காமல் ஒருபால் ஒதுங்கி உள்ளே செல்கிறார். அங்கிருந்த விறன்மிண்ட நாயனார் சினந்தெழுந்து, வன்றொண்டர் அடியார்க்குப் புறம்பு என்றார். அவரை ஆட்கொண்ட இறைவனும் புறம்பே என்றார். அவர் கண்டது ஒதுங்கிச் சென்ற கால்களை. அவ்வேளையில் நம்பிகள் உள்ளத்தில் நிகழ்ந்ததோ, இவர்களுக்கு அடியனாகும் நாள் என்றோ என்ற ஏக்கம் என்று சேக்கிழார் பெருமான் காட்டுகிறார். விறன்மிண்டரின் சினம் அடியார்மேல் வைத்த அன்பிலே பிறந்தது என்பதை மறத்தல் ஆகாது. நமக்கு அவருடைய அன்பு வாய்க்கவில்லை. அவசரம் மட்டும் நன்றாகவே வாய்த்திருக்கிறது.

இவ்வேறுபாட்டை மேனாட்டு உளநூலாரும் ஆராய்ந்துள்ளனர். செய்பவன் கண் சூழ்நிலையை நோக்கியிருக்கிறது, பார்ப்பவன் கண் செய்பவனையே நோக்கியிருக்கிறது. ஆதலால் காரணமும் வேறாகத் தோன்றுகிறது என்று எட்வர்டு ஜோன்சும் ரிச்சர்டு நிசுபெட்டும் 1971-இல் எழுதினர். பின்னர் 2006-இல் பெர்ட்ராம் மல்லெ என்பார் 173 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, பொதுவில் இவ்வேறுபாடு மிகச் சிறிதே என்று கண்டார். ஆனால் தீய செயல்களில் மட்டும் அது தெளிவாகத் தெரிந்தது. நற்செயல்களிலோ தலைகீழ்: நாம் நல்லது செய்தால் அது நம் குணம், பிறர் செய்தால் அவருக்கு வாய்த்த சூழ்நிலை! ஆகவே இது கண் நிற்கும் இடத்தால் மட்டும் வந்த பிழை அன்று. தன்மேல் வைத்த பற்றும் இதில் கலந்திருக்கிறது. நம் பெரியோர் ஆணவம் என்றது இதனோடு தொடர்புடையது என்பது அடியேன் கருத்து.

ஜோன் மில்லர் என்ற அம்மையார் மைசூரிலும் சிகாகோவிலும் நிகழ்த்திய ஆய்வு 1984-இல் வெளிவந்தது. மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டவரை, அதனை ஓட்டி வந்த வழக்கறிஞர் மருத்துவமனையில் விட்டு நீதிமன்றம் சென்றுவிட்டார், அடிபட்டவர் இறந்தார். ஏன் அவ்வாறு சென்றார் என்று கேட்டதற்கு அமெரிக்கர் அவர் குணத்தைக் குறைகூறினர்; மைசூரார் அவருடைய கடமையையும் அன்றைய நிலையையும் எண்ணிப் பேசினர். சிறுவரிடம் இவ்வேறுபாடு குறைவு. வயது ஏற ஏறவே வளர்ந்தது. எனவே பிறர் நிலையை எண்ணிப் பார்த்தல் பழக்கத்தால் வருவது. இதைக் கேட்டு நாம் இயல்பிலேயே உயர்ந்தவர் என்று மகிழ்ந்தால், மேலே சொன்ன நோய் நமக்கும் உண்டென்பது உறுதியாகும்.

அதே திருவாரூரில் மனுநீதிச் சோழன் முன் நின்ற அமைச்சரும் தீயவர் அல்லர். கன்று தானே தேர்க்காலில் புகுந்தது. அரசிளங்குமரன் அறியாமல் நேர்ந்தது. கழுவாய் செய்தால் போதும் என்றனர். காரணம் பொய்யன்று. மன்னன் அதனை ஆராயவில்லை. வேறொருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனைக் கொல்வித்து, தன் மகனுக்கு மட்டும் கழுவாய் என்றால் அது நீதியாகுமோ என்றே கேட்டான். அவன் தன் மகனைப் பிறன்போல் நோக்கினான். பிறனைத் தன் மகன்போல் நோக்குவது மற்றொரு வழி. நம்மனோர்க்கு இயலக்கூடியது பின்னதே என்று தோன்றுகிறது.

நம்பியாரூரரோ, தம் உள்ளத்தில் இருந்ததை எடுத்துரைத்து விறன்மிண்டரோடு வழக்காடவில்லை. பெருமான் அடியெடுத்துக் கொடுக்கத் திருத்தொண்டத்தொகை பாடினார். அடியார் ஒவ்வொருவர்க்கும் தம்மை அடியன் என்று கூறிவரும் அப்பதிகத்தில், தம்மைப் புறம்பு என்ற விறன்மிண்டர்க்கும் அடியன் என்றே பாடினார். அது கேட்டு விறன்மிண்டர் உளம் மகிழ்ந்தார்.