கரும்புத் தீவில் பனிச் சங்கிலிக் கேள்வி

மொரீஷியஸுக்குத் தென்மேற்கே இருக்கும் ரீயூனியன் தீவு 1946 முதல் பிரான்ஸின் ஒரு மாவட்டம். பாரிஸுக்கும் இதற்கும் நடுவே 9,000 கிலோமீட்டருக்கு மேல் இருந்தாலும் ஓட்டுநர் உரிமச் சட்டம் ஒன்றுதான். தலைநகர் சான்-தெனியில் லைசென்ஸ் வாங்கியவர் பாரிஸிலும் பெர்லினிலும் அதைக் காட்டியே வண்டி ஓட்டலாம். அந்த வசதிக்காகத் தீவின் பிள்ளைகள், சக்கரத்தில் பனிச் சங்கிலி மாட்டச் சொல்லும் அறிவிப்புப் பலகையையும் படித்து வைக்கிறார்கள். தென்னையும் கரும்பும் விளையும் ஊரில் அந்தப் பலகைக்கு வேலையே இல்லை.

முதல் படி எழுத்துத் தேர்வு. எல்லோரும் அதை ‘கோட்’ என்றே சொல்கிறார்கள். கட்டணம் 30 யூரோ. 40 கேள்விகளில் 35க்குச் சரியான விடை வேண்டும். பலரைக் கவிழ்ப்பது வலப்பக்க முன்னுரிமை. பலகையோ விளக்கோ இல்லாத சந்திப்பில் வலப்புறத்திலிருந்து வருபவருக்கே வழி. அவர் வருவது சின்னச் சந்திலிருந்து என்றாலும் சரி. இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நம்மவர் அங்கே போனால் முதலில் தடுமாறும் இடமும் இதுதான். தேர்வு பிரெஞ்சில் நடக்கிறது. தீவின் வீடுகளில் பெரும்பாலும் புழங்குவது கிரியோல். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழித்தோன்றல்களுக்கும், அதாவது ‘மலபார்’ என்று அங்கே அழைக்கப்படுவோருக்கும், இதுதான் நிலைமை.

அடுத்தது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. குறைந்தது 20 மணி நேரம் ஓட்டிப் பழக வேண்டும். ஆட்டோமேட்டிக் காருக்கு 13 மணி நேரம் போதும். ஆட்டோமேட்டிக்கில் தேறியவர் கியர் வண்டியைத் தொட முடியாது. பிறகு 7 மணி நேரக் கூடுதல் பயிற்சி பெற்றால் அந்தத் தடை நீங்கும். பணம் கரைவது இந்தப் பள்ளிக் கட்டணத்தில்தான். அதனால் 15 முதல் 25 வயது வரையுள்ளோருக்கு ‘நாளுக்கு ஒரு யூரோ’ என்றொரு கடன் திட்டம் இருக்கிறது. வட்டியை அரசு ஏற்றுக்கொள்கிறது. 15 வயதிலேயே பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிப் பழகும் வழியும் உண்டு. 2024 ஜனவரி முதல் 17 வயதிலேயே கார் லைசென்ஸ் கிடைக்கிறது.

ஓட்டிக் காட்டும் தேர்வு 32 நிமிடம். எட்டுப் போட்டுக் காட்டும் வேலை கிடையாது. நேரே ஊருக்குள், போக்குவரத்துக்கு நடுவில் ஓட வேண்டும். தேர்வாளர் கிலோமீட்டர் மீட்டரின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்ப்பார். அந்த எண்ணுக்குரிய கேள்விகள் வரும்: வண்டியில் ஒன்றைச் சரிபார்த்துக் காட்ட வேண்டும், சாலைப் பாதுகாப்பு பற்றியும் முதலுதவி பற்றியும் பதில் சொல்ல வேண்டும். 20 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. ஆனால் சிவப்பு விளக்கைத் தாண்டினாலோ, தேர்வாளர் தாமே பிரேக்கை மிதிக்க நேர்ந்தாலோ, மதிப்பெண் எத்தனை இருந்தாலும் தோல்விதான். சாலையில் மரியாதையாக நடந்துகொண்டதற்கென்றே தனியாக ஒரு மதிப்பெண் உண்டு. நம் ஊரில் அதை யாருக்குப் போடுவது என்று யோசித்துப் பார்க்கலாம். முடிவை அங்கேயே சொல்ல மாட்டார்கள். 48 மணி நேரம் கழித்து இணையத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கோபக்காரத் தேர்வருக்கும் தேர்வாளருக்கும் நடுவே இந்த இடைவெளி நல்லதுதான்.

பாரிஸில் அச்சான பாடத்தில் இல்லாத பகுதி தேறிய பிறகு ஆரம்பிக்கிறது. சிலாவோஸ் பள்ளத்தாக்குக்கு ஏறும் சாலையில் 400 வளைவுகள் என்பது ஊர்ப்பேச்சு. ஒற்றை வண்டி மட்டுமே நுழையும் சுரங்கங்களில், எதிரே வரும் பஸ்ஸுக்காகப் பின்னோக்கி நகர்த்தத் தெரிந்திருக்க வேண்டும். காட்டாறுகளின் குறுக்கே ‘ராதியே’ என்னும் தரைப்பாலங்கள் இருக்கின்றன. மழை கொட்டினால் சில நிமிடங்களில் மூழ்கிவிடும். மலையில் பெய்யும் மழை கடலோரத்தில் நிற்பவருக்குத் தெரியாது. புயல் சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் வண்டியைச் சாலையில் இறக்கவே கூடாது. ஆண்டின் பிற்பாதியில் கரும்பு வெட்டு நடக்கும்போது, ‘கஷலோ’ என்று திமிங்கிலத்தின் பேர் வாங்கிய பெரிய லாரிகள் புவா-ரூஜ், லெ கோல் ஆலைகளை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும். அவற்றின் பின்னால் பொறுமையாகப் போவதும் ஒரு படிப்பே. தீவில் ரயில் கிடையாது. மஃபாத் பள்ளத்தாக்குக்குச் சாலையும் கிடையாது. அங்கே நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் போக முடியும். மற்ற ஊர்களில் காரில்லாமல் வேலை தேடுவது கஷ்டம். லைசென்ஸுக்கு இத்தனை மவுசு வந்தது அதனால்தான்.

புதிதாக வாங்கியவர் காரின் பின்னால் ‘ஏ’ எழுத்து ஒட்ட வேண்டும். தப்பு செய்தால் கழியும் லைசென்ஸ் புள்ளிகள் தொடக்கத்தில் 6தான். மூன்று ஆண்டு தப்பில்லாமல் ஓட்டினால் 12 ஆகும். அதுவரை மது அளவு வரம்பு ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.2 கிராம், ஒரு கோப்பை குடித்தாலே அதைத் தாண்டிவிடக்கூடும்.

ஐரோப்பாவுக்கு வெளியே வாங்கிய உரிமத்தோடு வந்து குடியேறுகிறவர் முதல் ஓராண்டு அதை வைத்தே ஓட்டலாம். சொந்த நாட்டோடு பிரான்ஸுக்கு மாற்று ஒப்பந்தம் இருந்தால் அந்த ஆண்டுக்குள்ளேயே மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்க வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவருக்கு மட்டும் சலுகை: படிப்பு முடியும்வரை பழைய உரிமம் செல்லும். மற்றவர்கள் கெடுவைத் தவறவிட்டால், இருபது ஆண்டு ஸ்டியரிங் பிடித்தவராக இருந்தாலும், பதினேழு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ‘கோட்’ எழுத வேண்டியதுதான்.