இரண்டாம் முறை கேட்ட கேள்வி

அத்தியாயம் 9

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம் 1986இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரின் தலைமையில் தொடங்கப்பெற்று, 1996இல் பல தேசத்துத் தன்னார்வ நிரலர்களின் பொறுப்புக்கு வந்து சேர்ந்த வரலாற்றைச் சென்ற வாரம் கண்டோம். அவ்வாறு பொதுச் சொத்தாகிவிட்ட நிரலுக்கு எவரும் திருத்தம் எழுதி அனுப்பலாம் என்றாலும், பேட்ச் எனப்படும் அத்திருத்தம் எத்துணை சிறியதாயினும் பிறருடைய பரிசீலனைக்கு உட்படாமல் உள்ளே புகுவது அரிது. கமிட்ஃபெஸ்ட் என்று பெயரிட்டு ஆண்டில் சில மாதங்களை இப்பணிக்கென்றே ஒதுக்கியிருப்பதோடு, பேட்ச் அனுப்புகிற ஒவ்வொருவரும் பதிலுக்குப் பிறருடைய பேட்ச் ஒன்றைப் பரிசீலிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் அந்தச் சமூகத்தின் சம்பிரதாயம் எனக்கு மிகவும் உகந்தது.

திருத்தம் இன்றைய நிரலின்மீது சிக்கலின்றிப் பொருந்துகிறதா, கம்பைல் ஆகிறதா, சோதனைகள் தேறுகின்றனவா, ஆவணம் எழுதப்பட்டிருக்கிறதா என்பனவெல்லாம் பூர்வாங்கமே. இந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைப்பட்ட க்ஷணத்தில் மின்சாரம் நின்றுபோனால், அல்லது வட்டு பழுதானால், என்ன நேரும் என்ற கேள்வியில்தான் தரவுத்தளப் பரிசீலனை மெய்யாகத் தொடங்குகிறது. இதனை விளக்க 2018ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைக் காட்டிலும் தகுந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நம் வர்த்தகர்கள் அன்றாட வரவுசெலவைக் குறிப்பேட்டில் முதலில் பதிந்து, பின்னர் சாவகாசமாகப் பேரேட்டில் ஏற்றுவதைப் போலவே, போஸ்ட்கிரெஸும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டு, பின்னரே தரவுக் கோப்புகளில் ஏற்றுகிறது. செக்பாயின்ட் எனப்படும் கட்டத்தில், மாறிய பக்கங்கள் யாவும் கோப்புகளுக்கு அனுப்பப்பட்டு, அவை வட்டில் உண்மையாகவே பதிந்தனவா என்று எஃப்சிங்க் என்ற அழைப்பின் மூலம் இயங்குதளத்திடம் கேட்கப்படுகிறது. ஆம் என்று விடை வந்த பின்னரே பழைய குறிப்பேட்டுத் தாள்கள் தேவையற்றவையாகின்றன. இயங்குதளம் இல்லை என்று சொன்னால், போஸ்ட்கிரெஸ் அந்தச் செக்பாயின்டைக் கைவிட்டு, அடுத்த முறை அதே கேள்வியை மீண்டும் கேட்கும். நீண்ட காலமாக எவருடைய மனத்தையும் உறுத்தாத ஏற்பாடு அது.

சேமிப்புச் சாதனத்துப் பிழையொன்றால் தரவு சிதைந்ததை ஆராயப் புகுந்தபோதுதான், லினக்ஸ் கர்னல் அந்த இரண்டாம் கேள்விக்கு எவ்வாறு விடையளிக்கிறது என்பது போஸ்ட்கிரெஸ் நிரலர்களிடையே பெரும் விவாதப் பொருளாயிற்று. வட்டில் எழுத இயலாமற்போன பக்கத்தைக் கர்னல் எழுதி முடித்ததாகவே குறித்துக்கொண்டு, பிழையை ஒருமுறை அறிவித்துவிட்டு மறந்துவிடுகிறது. ஆகவே மறுமுறை கேட்கும்போது எழுத வேண்டியது எதுவும் மிச்சமில்லையாதலால், எல்லாம் க்ஷேமம் என்ற விடையே வருகிறது. அதை நம்பிச் செக்பாயின்ட் நிறைவேறியதாகக் கொண்டு, அந்த மாற்றத்தின் ஒரே சாட்சியாக எஞ்சியிருந்த குறிப்பேட்டுத் தாள்களையும் போஸ்ட்கிரெஸ் கழித்துவிட, தரவு எவ்விதச் சப்தமுமின்றித் தொலைந்துபோகும்.

இதற்கு எழுதப்பட்ட பேட்சின் சாரம் ஒரே வரியில் அடங்கும்: எஃப்சிங்க் தோற்றால், பிழை என்று மட்டும் அறிவிப்பதற்குப் பதிலாக, 'பேனிக்' என்று சர்வரையே நிறுத்திவிடுவது. மீண்டும் எழும் சர்வர், கடைசியாக நிறைவேறிய செக்பாயின்டிலிருந்து குறிப்பேட்டைப் படித்து மாற்றங்களைத் திரும்ப எழுதிவிடும். குறிப்பேட்டின் எஃப்சிங்க் தோற்றால் இவ்வாறு நிறுத்தும் வழக்கம் முன்னரே இருந்தது. பேரேட்டுக்கும் அது நீட்டப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை வேண்டுமென்றே வீழ்த்துவது கொடிய வைத்தியமாகத் தோன்றலாம். சிதைந்த தரவோடு சிரித்த முகமாய் ஓடும் சர்வரைக் காட்டிலும் நின்றுபோன சர்வர் எத்தனையோ மடங்கு மேலானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்த ஒரு வரியைச் சுற்றி எழக்கூடிய கேள்விகளைப் பாருங்கள். அட்டவணை அழிக்கப்பட்டமையால் கோப்பே இல்லாது போயிருப்பின், அதையும் விபத்தென்று கருதிச் சர்வரை நிறுத்துவது தகுமா? எழுதத் தவறிய பக்கத்தை எழுத வேண்டியதாகவே வைத்துக்கொண்டிருக்கும் ஃப்ரீபிஎஸ்டி போன்ற இயங்குதளங்களில், மறுமுறை கேட்பது நியாயந்தானே? இவ்விரண்டாவதற்கு விடையாகவே 'டேட்டா சிங்க் ரீட்ரை' என்ற அமைப்பு சேர்க்கப்பட்டு, இயல்பில் அணைந்த நிலையில் விடப்பட்டது. 2019 பிப்ரவரியில் 11.2 பதிப்போடு, 9.4 வரையிலான பழைய கிளைகளுக்கும் இத்திருத்தம் சென்று சேர்ந்தது.

இவற்றில் எந்தக் கேள்விக்கும் விடை பேட்சுக்குள் மட்டும் தேடினால் அகப்படாது. மாறிய வரிகள் சிவப்பும் பச்சையுமாகத் திரையில் நிற்க, அவை அழைக்கும் செயல்கூறுகளையும், அவற்றுக்கும் கீழே கர்னல் அளிக்கும் வாக்குறுதிகளையும் பரிசீலகர் தேடிச்சென்று வாசித்தாக வேண்டும். அத்தனையும் வாசித்த பின்னும் ஒரு சந்தேகம் மிஞ்சியது: ஒரு ப்ராசஸ் கோப்பில் எழுதி மூடிவிட, செக்பாயின்டை நடத்தும் மற்றொரு ப்ராசஸ் அதைத் திறப்பதற்குள், பிழையை அறிவிக்கும் வாய்ப்பே கர்னலுக்குத் தவறிவிடுமானால் என் செய்வது? திறந்த கோப்பை மூடாமலே ஒரு ப்ராசஸிடமிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்றித் தரும் யோசனை இதற்கென்று முன்வைக்கப்பட்டது. அதில் எழுந்த சிக்கல்களை அடுத்த வாரம் ஆராய்வோம்.