டைகர்-1 டாங்கியின் அளவு மாதிரிகள்

டைகர்-1 என்பது இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை பயன்படுத்திய கனரக டாங்கி ஆகும். இதன் அளவு மாதிரி என்பது, உண்மையான டாங்கியின் எல்லாப் பகுதிகளையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்யப்படும் சேகரிப்புப் பொருள். பாகங்களாகப் பிரித்து விற்கப்படும் பிளாஸ்டிக் தொகுப்பாகவும், முன்பே பூட்டி வண்ணம் தீட்டிய உலோக மாதிரியாகவும், தொலைக் கட்டுப்பாட்டில் ஓடும் பெரிய மாதிரியாகவும் இது கிடைக்கிறது.

அளவு விகிதம்

மாதிரியின் அளவு, வரைபடத்தின் அளவைப் போன்றதே. சேர்வராயன் மலைப்பகுதியைக் காட்டும் 1:50,000 நில அளவை வரைபடத்தில் 1 செ.மீ. என்பது தரையில் 500 மீட்டர். அந்த விகிதத்தில் டைகர் டாங்கியை வரைந்தால் அதன் நீளம் 0.2 மி.மீ. கூட இராது. எனவே டாங்கி மாதிரிகளுக்கு 1:72, 1:48, 1:35, 1:16 போன்ற விகிதங்கள் வழக்கத்தில் உள்ளன. இவற்றுள் 1:35 மிகவும் பரவலானது.

பீரங்கிக் குழலையும் சேர்த்து டைகரின் நீளம் 8.45 மீட்டர், அகலம் சுமார் 3.7 மீட்டர், உயரம் 3 மீட்டர். 1:35 மாதிரியில் இவை முறையே 24.1 செ.மீ., 10.6 செ.மீ., 8.6 செ.மீ. ஆகின்றன. முன்பக்கத்து 100 மி.மீ. கவசம் 3 மி.மீ.க்கும் குறைவாகிறது.

எடை மட்டும் இவ்வாறு குறையாது. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் 35 மடங்கு குறைவதால் கன அளவு 35 × 35 × 35 = 42,875 மடங்கு குறைகிறது. 57 டன் எடையுள்ள டாங்கியை அதே உலோகங்களால் இந்த அளவில் செய்தால் அது ஏறத்தாழ 1.3 கிலோ எடை இருக்கும். பிளாஸ்டிக் மாதிரி அதைவிட இலகுவானது. மேசையில் இருக்கும் மாதிரி வடிவத்தை உணர்த்தினாலும் பளுவை உணர்த்துவதில்லை. உண்மையான டைகரின் சிக்கல்கள் பெரும்பாலும் அந்தப் பளுவிலிருந்தே வந்தன.

மூல டாங்கி

ஜெர்மனியின் காசல் நகரிலிருந்த ஹென்ஷல் நிறுவனம் 1942 ஆகஸ்டு முதல் 1944 ஆகஸ்டு வரை டைகர்-1 டாங்கியைத் தயாரித்தது. அந்த ஆலைகளில் கட்டாய உழைப்பாளர்களும் பயன்படுத்தப்பட்டனர். டாங்கியில் 88 மி.மீ. பீரங்கியும் ஐந்து வீரர்களும் இருந்தனர்.

டைகரின் கவசமும் பீரங்கியும் எதிரிகளை அஞ்ச வைத்தன. ஆனால் அது பல பாலங்களைக் கடக்க இயலாத அளவு கனமானது. எரிபொருளை மிகுதியாகக் குடித்தது. பற்சக்கரப் பகுதிகள் அடிக்கடி பழுதாயின. ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அமைந்த அதன் சக்கரங்களுக்கிடையே சேறு புகுந்து குளிரில் உறைந்துவிடும். உட்சக்கரம் ஒன்றைக் கழற்ற வெளிச்சக்கரங்கள் பலவற்றைக் கழற்ற வேண்டியிருந்தது. மொத்தம் சுமார் 1,350 டைகர்-1 டாங்கிகளே செய்யப்பட்டன. அமெரிக்காவோ ஷெர்மன் டாங்கிகளை ஏறத்தாழ 49,000 செய்தது. டைகரின் புகழுக்கும் போரின் முடிவில் அதன் பங்குக்கும் உள்ள இடைவெளியை இந்த எண்கள் காட்டுகின்றன.

துனீசியாவும் இந்தியப் படையும்

1942 இறுதியில் டைகர்கள் வட ஆப்பிரிக்காவின் துனீசியாவுக்கு அனுப்பப்பட்டன. 1943 ஏப்ரலில் அங்கு பிரிட்டிஷ் படை கைப்பற்றிய '131' எண் கொண்ட டைகர், இன்று இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையில் பேணப்படுகிறது. 2014-இல் வெளியான 'ஃபியூரி' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தில் இது இடம்பெற்றது. மாதிரி செய்வோர் மிகுதியாகப் பின்பற்றும் டைகர்களுள் இதுவும் ஒன்று.

இந்தியாவின் 4-ஆவது டிவிசனும் துனீசியாவில் போரிட்டது. 1943 மே மாதம் ஜெர்மானியத் தளபதி வான் ஆர்னிம் இந்த டிவிசனிடமே சரணடைந்தார். மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைப் பிரிவினரும் இதில் இருந்தனர். கண்ணிவெடி அகற்றுதல், பாலம் அமைத்தல் ஆகியவை அவர்களின் பணிகள். டிவிசன் இத்தாலிக்குச் சென்ற பின், 1944 பிப்ரவரி 24 அன்று மிஞ்ஞானோ என்னும் இடத்துக்கு அருகே சுபேதார் சுப்பிரமணியன் வெடிக்கவிருந்த கண்ணியின் மீது விழுந்து உடனிருந்தவர்களைக் காத்து உயிர்நீத்தார். மறைவுக்குப் பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. டைகர் மாதிரி அந்தப் போரின் ஒரு தரப்பினரது எந்திரத்தை மட்டுமே காட்டுகிறது. அதை எதிர்கொண்ட படைகளில் தமிழரும் இருந்தனர்.

1:35 அளவு தோன்றிய விதம்

ஜப்பானின் ஷிசுவோகா நகரிலுள்ள டமியா நிறுவனம் முதலில் மரமாதிரிகளைச் செய்துவந்தது. பின்னர் பிளாஸ்டிக்குக்கு மாறி, 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பான்தர் டாங்கியை மோட்டாரால் ஓடும் மாதிரியாக வெளியிட்டது. மின்கலங்களும் மோட்டாரும் உள்ளே அடங்க வேண்டும் என்பதற்கேற்ப அதன் உடற்பகுதி அமைக்கப்பட்டது. மாதிரி நன்கு விற்பனையானதும் பிற டாங்கிகளையும் அதே அளவில் செய்ய விரும்பி அதை அளந்து பார்த்தபோது, விகிதம் ஏறக்குறைய 1:35 என்று தெரிந்தது. மின்கலத்தின் பருமன் முடிவு செய்த இந்த அளவை இத்தாலியின் இட்டலெரி, ஹாங்காங்கின் டிராகன் போன்ற நிறுவனங்களும் பின்பற்றின.

மாதிரியில் காலத்தைக் கண்டறிதல்

இரண்டு ஆண்டு உற்பத்தியில் டைகர் பல மாற்றங்களைக் கண்டது. எனவே மாதிரித் தொகுப்புகள் முந்திய, இடைப்பட்ட, பிந்திய உற்பத்தி என வகைப்படுத்தப்படுகின்றன. கவனிக்க வேண்டிய அடையாளங்கள்:

• வண்ணம்: 1943 பிப்ரவரி வரை அடர் சாம்பல், அதன்பின் அடர் மஞ்சள் அடிப்படை நிறம்.
• மேற்பூச்சு: 1943-இன் பிற்பகுதி முதல் ஓராண்டுக் காலம், காந்தக் கண்ணிகள் ஒட்டாதிருக்க 'சிம்மரிட்' என்னும் பசை வரிவரியாகப் பூசப்பட்டது.
• சக்கரம்: முதலில் ரப்பர் விளிம்பு, 1944 தொடக்கத்திலிருந்து எஃகு விளிம்பு.
• சங்கிலித் தடம்: போருக்கு 725 மி.மீ. அகலம், தொடர்வண்டியில் ஏற்ற 520 மி.மீ. அகலம்.

எஃகுச் சக்கரம் பூட்டிய மாதிரியைத் துனீசியப் பாலைநிலக் காட்சியில் வைத்தால் அது காலப்பிழை. துனீசியப் போர் முடிந்த பிறகே அத்தகைய சக்கரங்கள் வந்தன.

சின்னங்கள்

நாஜிச் சின்னமான சுவஸ்திகாவைப் பொதுவில் காட்டுவதை ஜெர்மானியச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இதனால் பல நிறுவனங்கள் பெட்டிப் படத்திலும் ஒட்டுப்படத் தாளிலும் அதைத் தவிர்க்கின்றன. மாதிரியின் அருகில் ஆண்டு, இடம், படைப்பிரிவு, யாரை எதிர்த்துப் பயன்பட்டது ஆகியவற்றை எழுதி வைத்தால், அது ஆயுதப் புகழ்ச்சியாக நின்றுவிடாமல் வரலாற்றுப் பாடப்பொருளாகவும் பயன்படும்.

இந்தியாவில் உண்மையான டாங்கிகளைக் காண விரும்புவோருக்கு, மகாராட்டிரத்தின் அகில்யாநகரில் (முன்பு அகமதுநகர்) 1994-இல் திறக்கப்பட்ட குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகம் உள்ளது. சென்னையை அடுத்த ஆவடியில் 1965 முதல் தயாரிக்கப்பட்ட விஜயந்தா டாங்கியையும் அங்கே காணலாம்.